கல்லோயாச் சந்தி, பன்னிரண்டு பத்து

இரவு பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு
முகங்கூடக் கழுவாமல் வந்து எடுத்த துண்டில்
எண் எழுபத்து மூன்று.
திருகோணமலை ஆஸ்பத்திரி வாங்கில்
எனக்கு முன்னால் எழுபத்திரண்டு சீனி வருத்தம்.
மதிலோரம் ஒரு மான்
யாரோ எறிந்த பாண் விளிம்பைத் தின்கிறது.
அதற்குக் கிளினிக் கொப்பி இல்லை.

"சின்னராசா தவநேசன்" என்று
மிஸ்ஸி றிஸ்மியா கூப்பிடுகையில் பதினொன்று தாண்டிவிட்டது.

புது டொக்டர். உதேனி. குருநாகல் பக்கமாம்.
மூன்று மாதச் சராசரி ஒன்பது தசம் நாலு.
முந்தைய டொக்டர்மார் இந்த இடத்தில்தான்
பேனையைத் திறப்பார்கள்.
பாதி ஒன்றாகும், ஒன்று இரண்டாகும்,
"சரி டொக்டர்" என்பேன்.
மூன்று வருடத்தில் அந்த அறையில்
நான் பேசிய முழுப் பேச்சும் அதுதான்.

இவர் பேனையை மூடிவைத்து
எண்ணி எண்ணித் தமிழில் கேட்டார்:
"இரவு... குளிசை... எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

வழக்கமான பொய் நாக்கு நுனியில் இருந்தது.
ஆனால் அந்தத் தமிழ்
ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகி ஏறும் வண்டிபோல
அவ்வளவு பாடுபட்டு வந்து நின்றது.
அதற்கு முன்னால் பொய் சொல்ல வெட்கமாயிருந்தது.

"போடுறேல்ல" என்றேன்.
பிறகு டயர்க் கடையிலும் பொலிஸ் தடையிலும்
பொறுக்கிச் சேர்த்த என் சிங்களத்தில் சொன்னேன்:
மாசிப் பனியில், கல்லோயாச் சந்தி தாண்ட,
ஸ்டியரிங்கில் கை உதறியதை.
சட்டை முதுகோடு ஒட்டியதை.
வெளிச்சத்தில் நின்றது யானையா நிழலா என்று
எனக்கே நிச்சயமில்லாமல் போனதை.
பின்னால் ஐம்பத்திரண்டு பேர் நித்திரை.
கொண்டக்டர் நிஃப்ராஸ்தான்
சோடாப் போத்தலை என் வாயில் வைத்தான்.
அன்றிலிருந்து இரவுக் குளிசையெல்லாம்
டாஷ்போட்டில், பத்திரகாளி படத்துக்குப் பின்னால்.

டொக்டர் ஏசவில்லை.
கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்தார்.
"சொல்லாட்டி இன்றைக்கு நான் கூட்டியிருப்பேன்."

பிறகு ஒரு துண்டுக் கடதாசி, மூன்று கோடு.
ஊசி.
"லைசன்சுக்கு என்ன நடக்கும்?"
"தெரியாது. கேட்டுச் சொல்றேன்."
தெரியாது என்று சொன்ன டொக்டரை
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.
சலத்தோடு சீனியை இறக்கும் குளிசை.
"மிஸ், தம்புள்ளைக்கு முன்னால பஸ் நிக்காது."
றிஸ்மியாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
மூன்றாவது, சீனியை மடமடவென்று விழவிடாதாம்,
ஆனால் இங்கே சில மாதம் இராது, வெளியே காசு.
எத்தனை ஓட்டத்துப் பட்டா என்று
மனதுக்குள் விரல் மடக்கினேன். ஐந்து.
மகளின் ரியூசன் காசைத் தொடாமல்
மூன்றுதான் தாங்கும் என்றேன்.
விலை குறைந்த பேரைத் தேடி எழுதினார்.

அவரும் ஒன்று கேட்டார்.
தம்புள்ளைக் கடையில் டிரைவருக்கு இனாமாய் வரும் கொத்து,
அதை விடச் சொன்னார்.
அரைக் கொத்து என்றேன்.
யோசித்து, அரை என்றே எழுதினார்.
இரவுக் குளிசையைக் குறுக்கே வெட்டினார்.
"இரண்டு கிழமை. சரிவராட்டி திரும்பக் கதைப்பம்."

மச்சானிடம் மீற்றர் இரவல்.
சந்தியில் பஸ்ஸை ஓரங்கட்டியிருக்கிறேன்.
நிஃப்ராஸ் போன் வெளிச்சம் பிடிக்கிறான்.
விரல் நுனியில் ஒரு சொட்டு.
நான்காம் சீற்றில் ஓர் அம்மா எழும்பி,
"டயர் காத்துப் போச்சா தம்பி?"
"இல்லையம்மா, டிரைவரைச் செக் பண்றம்."

நூற்று முப்பத்தாறு.
டிக்கட் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி,
பக்கத்தில் நேரத்தையும் எழுதி,
பிறேக்கை எடுக்கிறேன்.