இதர பணிகள்

முனைவர் பயிற்சித் திட்டத்தில் நாற்பத்தொரு பேர்.
நாற்பத்தொரு வரிசை, பதினேழு பத்தி.
பச்சை என்றால் நடக்கிறது.
மஞ்சள் என்றால் கேட்டிருக்கிறேன்.
சிவப்புக்கு இன்னும் எனக்கொரு சொல் அகப்படவில்லை.

செவ்வாய் காலை கேத்தெவான் சிவந்தாள்.
குத்தாயிசியிலிருந்து வந்தவள்,
சதுப்புப் பாசி விடும் மூச்சை அளப்பவள்.
வசிப்பு அனுமதி இன்றோடு சரி.
நீட்டிக்க நெறியாளரின் ஒப்பம் வேண்டும்,
மாலை நான்குக்குள்.

நெறியாளர் ஆர்வெட்
தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.
"கிரான்பெரி பறிக்க" என்றார் அவர் மனைவி,
வேறெதற்குப் போவார் அக்டோபரில் என்ற குரலில்.

தார்த்துவில் காகிதம் செத்துப் பல காலம்.
இங்கே ஒப்பம் என்பது
கைபேசியில் தட்டும் ஐந்து இலக்கம்.
எனவே பேனா எடுக்காமல்
கணக்குப் பிரிவு யூரியின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு
(இரண்டு அளவு பெரிது)
நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன்.

என் பணி விவரத்தில் இது இல்லை.
அதன் கடைசி வரி: மற்றும் இதர பணிகள்.
இருபத்திரண்டு வருடமாக
அந்த இதரவில்தான் குடியிருக்கிறேன்.

பலகைப் பாதை முடிகிற இடத்தில்
வாளியோடு குனிந்திருந்தார்.
"ஊர்வே! யார் செத்தது?"
"யாரும் இல்லை. நான்கு மணி வரைக்கும்."

சிக்னல் தரையில் இல்லை.
பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறினோம்,
அறுபத்தெட்டு வயது மூட்டு முன்னால்,
யூரியின் பூட்ஸ் பின்னால்.
உச்சியில் ஒரே ஒரு கோடு.
அதுவும் வருவதும் போவதுமாக.

முதல் எண் தவறு.
இரண்டாவதும் தவறு.
மூன்றும் தவறினால் பூட்டிக்கொள்ளும்.

மனிதர் கைபேசியைப் பார்ப்பதை விட்டார்.
கீழே கறுத்த குட்டைகள்,
நிரப்பாத கட்டங்கள் மாதிரி.
அவற்றைப் பார்த்தபடி
இருட்டில் தன் வீட்டுப் படி இறங்குகிறவராய்
விரலை மட்டும் போகவிட்டார்.

மூன்று ஐம்பத்திரண்டு.

நான் கைப்பிடிக் கட்டையைப் பிடித்து நின்றேன்.
அவர் கேத்தெவானின் மூன்றாம் அத்தியாயத்தில்
ஒரு வரைபடம் சரியில்லை என்றார்.
அதை அவளிடம் சொல்லுங்கள் என்றேன்.
சொல்லி இரண்டு மாதம் ஆகிறதாம், அழுதாளாம்.
அந்தப் பத்தி என் அட்டவணையில் இல்லை.

அன்றிரவு அவளுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கும்:
உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.
இதற்குப் பதில் எழுத வேண்டாம்.
அவள் எழுதவில்லை.

புதன் காலை அவள் வரிசை பச்சை.
இருபத்தேழாம் வரிசையில் மஞ்சள்.
மேசையில் காபிக் கோப்பை நிறைய
ஆர்வெட் அள்ளிக் கொடுத்த கிரான்பெரி.
உறைபனி விழும் முன் பறித்தது,
ஒன்றைக் கடித்தால் கண் தானாக மூடுகிறது.

யூரி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டான்.
பூட்ஸ் இன்னும் காயவில்லை.