கணக்கில் வராத இரண்டு

ஸும்ஸ்டைன் வாய் கொப்பளித்துத் துப்பிய நீரையும்
நான் கொட்டுவதில்லை.
மூடி போட்டு, பெயர் ஒட்டி,
எண்ணும் கருவியின் அடியில் வைக்கிறேன்.

பெர்னில் நவம்பர்.
ஆரே ஆற்றின் மேல் கிடக்கும் மூடுபனி
மருந்துச் சீட்டு இல்லாமல்
எல்லார் மூக்கிலும் ஏறுகிறது.

ஒரே ஓர் உறிஞ்சல்.
மருந்தோடு ஒட்டிப் போன துளிக் கதிர்ப்பொருள்
எங்கெங்கே தங்கியதென்று
காமா கேமரா பார்த்துச் சொன்னது.
திரையில் தொண்டை வெல்டிங் பொறி.
வயிறும் அப்படித்தான்.
நுரையீரல்கள் மட்டும்
எதிர்வீட்டில் யாரோ அணைக்க மறந்த
விளக்கின் அளவுக்கு.

"எவ்வளவு?"
"நூற்றுக்குப் பதினாறு."
"மிச்சம்?"
"பெரும்பாலும் விழுங்கிவிட்டீர்கள்."
"முழுசுக்கும் அல்லவா காசு கொடுக்கிறேன்!"
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
வாய்க்கு எட்டிய பிறகும்
இத்தனை தூரம் பாக்கி இருப்பது
இந்த வேலைக்கு வந்துதான் தெரியும்.
துகள் பெரிதென்றால் தொண்டை வளைவில் மோதி நிற்கும்.
ரொம்பச் சிறிதென்றால்
உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு
மூச்சோடு திரும்பி வந்துவிடும்.

அவர் ரொட்டி சுட்டவர்.
லெங்காஸில் முப்பத்தெட்டு வருடம்,
இரவு இரண்டு மணிக்கு மாவு சலித்தவர்.
அந்த மாவுக்கு
எப்படி உள்ளே போவதென்று யாரும் சொல்லித் தரவில்லை.
அளக்க ஆளில்லாமலே
போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடி.
"மெதுவாக இழுங்கள்."
"பெர்ன்காரனுக்கா மெதுவைச் சொல்லித் தருகிறாய்?"
சொன்னாரே தவிர
மூச்சு சூரிக்காரனாக இருந்தது.
காலிக் கருவியில் பதினொரு தடவை பழகினோம்.
பன்னிரண்டாவது, மருந்தோடு.

இருபத்தொன்பது.

தொண்டையிலும் வயிற்றிலும் ஐம்பத்தொன்று.
கொப்பளித்த நீரில் ஆறு.
கருவி தனக்கென்று வைத்துக்கொண்டது எட்டு.
வெளிமூச்சு வடிகட்டியில் இரண்டு.
கைக்குட்டையில் ஒன்று.
வெள்ளை மீசையில் ஒன்று;
அதை அளந்தபோது
சலூன் நாற்காலியில் உட்கார்ந்த பையன்போல்
அசையாமல் இருந்தார்.

மூன்று தடவை கூட்டினேன். தொண்ணூற்றெட்டு.
இரண்டு எங்கே போனதென்று தெரியவில்லை.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
எழுதிக் கையெழுத்திட்டேன்.

போகும்போது காகிதப் பை ஒன்றைத் தந்தார்.
இப்போது கடை மகள் ரெகுலாவுடையது,
ரொட்டியும் அவள் சுட்டது.
இடைவேளை அறையில் பிட்டபோது
மேசையில் மாவு உதிர்ந்தது.
ஊதித் தள்ளக் குனிந்தவள்
வாயை மூடிக்கொண்டு
ஈரத்துணி தேடினேன்.