தட்டு

ஈறுதானே என்று விட்டிருந்தேன்.
கொப்புளித்துத் துப்பினால்
வாளித் தண்ணீரில் ஒரு சிவப்பு நூல்.
பீடி கட்டுகிற நூலும் அதே நிறம்தான்.

மேலப்பாளையத்திலிருந்து பஸ் மாறி
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி.
கம்பியால் ஈறின் ஆழம் அளந்துகொண்டே
"எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்றாள் டாக்டர்.
திறந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல.

விடியலில் தேயிலைத் தண்ணி, சீனி மூன்று கரண்டி.
பதினொன்றுக்கு இன்னொன்று, ஒரு பன்.
ஆயிரம் சேரும்வரை
மடியில் இலைத் தட்டு.
சோற்றுத் தட்டுக்கு மடி ஏது?
ராத்திரி பத்தேகாலுக்கு
ரெண்டு ஆள் சோறு ஒரே ஆளாய்,
அப்படியே சாய்ந்த தூக்கம்.

"சுகர் பாத்திருக்கீங்களா?"
பல்லுக்கு வந்தவளிடம் ரத்தத்தைக் கேட்கிறாளே.
இருநூற்று எண்பத்தாறு.
ஈறு புண்ணானால் சுகர் ஏறும்
சுகர் ஏறினால் ஈறு புண்ணாகும் என்று
இரண்டு விரலை வளையமாய்க் கோத்துக் காட்டினாள்.

இன்று ஒரு மணி.
முந்நூற்று நாற்பத்தொன்றில்,
கட்டு முடியாமலே,
தட்டை இறக்கிவைத்தேன்.
சோறு, முருங்கைக்கீரை, முட்டை.
"என்ன மீராளக்கா, இன்னைக்குப் பெருநாளா?" என்றாள் ஜமீலா.
பதில் சொல்ல முடியாது,
இடது பக்கம் மென்றுகொண்டிருந்தேன்.
வலித்தது.
இன்னொரு வாய்.