போட்டது நாற்பத்து மூன்று

செக்காலை ரோட்டு மாடியில், ராத்திரி எட்டரைக்கு,
தேனப்பன் அடகுக்கடைக் கம்ப்யூட்டர் என் மேஜையில்.
பழைய பென்டிரைவில் நாற்பத்து மூன்று வைரஸ்.
எண்ணிப் போட்டது நான்தான்.

முதலாவது இலவசம்.
இருபத்தொன்பதைப் பிடித்துவிட்டு
மிச்சத்துக்குக் காசு கேட்டது.

இரண்டாவது ஓடும்போது
ஃபேன் ஊளையிட்டது, மவுஸ் நகரவில்லை.
கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தேன்.
அப்போதும் அறுபது சதவீதம்.
கடைசியில் நாற்பத்தொன்று.

மூன்றாவது
நாற்பத்து நான்கு என்றது.

திரும்ப எண்ணினேன்.
கல்லுக்கட்டிப் பக்கம் ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
பென்டிரைவில் இல்லை அந்த ஒன்று,
கடையின் வட்டிக் கணக்கில் இருந்தது.
தவணை ஒருநாள் தப்பினாலும்
வட்டிக்கு வட்டி தானே ஏறிக்கொள்ள
மகள் உமையாள் எழுதிக் கொடுத்த மேக்ரோ.
'சந்தேகத்துக்குரிய நடத்தை'
சிவப்பு எழுத்தில்.

போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"எது நல்லதுன்னு பாத்தியாம்மா?"
மூணாவது, அண்ணே. ஒண்ணுகூடத் தப்பல.
"ரெண்டாவதையே போட்டுரு."

போட்டேன்.
அது விட்ட இரண்டும் எவை என்று
அவர் கேட்கவில்லை.