ஒன்பது காம்புகள்

பதினான்கு படி இறங்க வேண்டும் அந்தக் கடைக்கு.
தள்ளுவண்டியின் முன்சக்கரத்தை ஸ்வியாத் தூக்க
கைப்பிடியை நான் தூக்க
நடுவில் த்ஸிரா,
பல்லக்கில் போகிறவள் மாதிரி
கொட்டாவி விட்டபடி.

ஏழு மாதமாக நாங்கள்
இன்னொருவர் சமைத்ததை
உட்கார்ந்து தின்றதில்லை.
வெளியே குத்தாயிசி முழுக்க பிப்ரவரி மழை.
உள்ளே ஆவி, மிளகு,
காயப்போட்ட கோட்டுகளின் ஈரநாய் வாசனை.

குழந்தை நாற்காலி இருக்கிறதா என்றேன்.
கடைக்கார மஃக்வாலா
விமானம் இருக்கிறதா என்று கேட்டதுபோல் பார்த்தாள்.
பிறகு இரண்டு பீர் பெட்டிகளை அடுக்கி
தன் சால்வையை மடித்துப் போட்டு
"அரசி உட்காரட்டும்" என்றாள்.
அரசி உட்காரவில்லை.

பத்து கின்காலி சொன்னோம்.
அந்தக் காலத்தில் இருபது சொல்வோம்.
அந்தக் காலம் என்பது போன வருடம்.

கின்காலி காத்திருக்காது.
மாவுப் பையை உச்சிக் காம்பில் பிடித்துத் தூக்கி
ஓரத்தில் ஒரு சின்னக் கடி
உள்ளே கொதிக்கும் சாற்றை
நாக்கு சுட்டாலும் உறிஞ்சிவிட வேண்டும்.
ஆறினால் வெறும் மாவும் கொழுப்பும்.
காம்பை மட்டும் யாரும் தின்பதில்லை.
தட்டோரம் கிடக்கும் அது,
எத்தனை தின்றாய் என்பதற்குச் சாட்சியாக.

த்ஸிராவும் காத்திருக்க மாட்டாள்.

எனவே ஒருவர் தின்ன
ஒருவர் படியேறிப் போய்
வாசல் கூரையடியில் நின்று
நனையும் மினிபஸ்களைக் காட்டுவது.
பாதிப் படியில் கைமாறுவாள்.
"உனக்கு அஞ்சு வச்சிருக்கேன்."
"டயாப்பர் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல."
எங்கள் மூன்றாவது கல்யாண நாளில்
நாங்கள் பேசிக்கொண்டது
ஏறத்தாழ இவ்வளவுதான்.

நான் மறுபடி இறங்கும்போது
எனக்கு வைத்த ஐந்தும் சுருங்கியிருந்தன,
குளித்து முடித்த விரல்நுனிகள் போல.
ஒரு கையில் அவள், ஒரு கையில் அது.
அவள் அழுகையை நிறுத்த
ஸ்வியாத் தட்டிலிருந்து ஒரு காம்பை எடுத்துக் கொடுத்தேன்.
வாயில் வைத்தாள்.
அந்தச் சொல் ஏற்கெனவே அவளுடையதுதானே.
சப்பினாள், முறைத்தாள், சப்பினாள்,
என் தோளில் அப்படியே விழுந்தாள்.

பக்கத்து நீள மேசையில்
ரயில்வேக்காரர்கள் எட்டுப் பேர்.
மாலை முழுக்க வாழ்த்துக்கு வாழ்த்து எழுந்து
நாற்காலிகளை அலறவைத்தவர்கள்.
இப்போதும் எழுந்துவிட்டார்கள்.
வாழ்த்துச் சொல்லும் பெரியவர்
கோப்பையை உயர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து
தற்செயலாக இந்தப் பக்கம் திரும்பினார்.

இழுத்த மூச்சை என்ன செய்வதென்று
அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார்.
பிறகு பாவமன்னிப்புக் கூண்டுக்குள் பேசுவதுபோல்
தன் வாழ்த்தைக் கிசுகிசுத்தார்.
எட்டுத் தடித்த கழுத்துகள்
மேசை நடுவே குனிந்தன.
யாருக்கு வாழ்த்து என்று எனக்குக் கேட்கவில்லை.
நீளமான வாழ்த்து.
இறந்த யாரோ ஒருவனாக இருக்கலாம்,
ஒருவர் கண்ணைத் துடைத்தார்.
கோப்பைகள் மோதவில்லை,
கை முட்டிகள் மட்டும்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

ஸ்வியாத் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்,
தலைமயிரில் மழையோடு.
வந்து எதிரே உட்கார்ந்தான்.
எதிரே. அதே மேசையில்.
ஆறிப்போன கடைசி ஒன்றை
நடுவில் வைத்துப் பிய்த்துத் தின்றோம்.
நன்றாக இல்லை. நல்ல பசி.

கணக்குப் பார்த்தால் தட்டில் ஒன்பது காம்பு.
"ஒண்ணு குறையுதே" என்றான்.
"நீ எண்ணத் தெரியாதவன்."
"நீ தின்னுட்ட."
"காம்பை யாராவது தின்பாங்களா?"
மஃக்வாலா விரலை உதட்டில் வைத்து
பத்துக்கும் காசு வாங்கிக்கொண்டாள்.

மினிபஸ்ஸில், பாலம் தாண்டும்போது
அவளுக்குக் கையுறை மாட்டப் போனேன்.
இடது முட்டி திறக்கவில்லை.
விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ பிதுங்கியது.
பாதி மடிப்புகள் கரைந்து
நடுவில் இரண்டு சின்னக் குழி,
அரிசி முளைபோன்ற அந்த இரண்டு பல்.

எடுக்கப் பார்த்தேன்.
தூக்கத்திலேயே இறுக்கினாள்.