இருக்கட்டும்

"ஒரு பாரம் குறைஞ்சா விலையில இருபது ரூபா குறையும்.
அத்தியாயத் தலைல இருக்கிற வரியெல்லாம் எடுத்திடுங்க"
என்றார் குலசேகரன், டீ ஆறுவதற்குள்.

ராயப்பேட்டை. ஜெராக்ஸ் கடை மாடி.
மெய்ப்புக்கு வந்திருந்தது ரெஜினாவின் முதல் நாவல்.
முகப்பு வரிகள் ஒன்றும் ஞானியர் வாக்கல்ல;
சுவரிலும் தகரத்திலும் பொறுக்கியவை.

முதல் அத்தியாயம்:
"லாரி வரும் நேரம் மாறுதலுக்கு உட்பட்டது."
கீழே, ஓட்டேரியில் இன்னும் விடியவில்லை.
மோகனரங்கம் நீலக் குடத்தை வரிசையில் வைக்கிறான்.
வசுமதி ஊருக்குப் போய்ப் பதினோரு நாள்.
அவ்வளவுதான்.

சிவப்பு மையால் வரியை அடித்தேன்.
குடம் உடனே குடமானது.
பதினைந்து லிட்டர், விளிம்பில் கீறல்.
ஒரு மனிதன் தண்ணீருக்கு நிற்கிறான்,
சென்னையில் யார்தான் நிற்கவில்லை?

அடித்ததன் கீழே புள்ளி புள்ளியாக வைத்தேன்.
எங்கள் தொழிலில் அதற்கு 'இருக்கட்டும்' என்று பொருள்.
மறுபடி வந்து நின்றான்,
இம்முறை தண்ணீருக்கு மட்டும் அல்ல.

ஐந்தாவதின் தலையில் மோட்டார்ப் பெட்டி வாசகம்:
"தண்ணீர் இல்லாதபோது ஓட்ட வேண்டாம்."
அதில் இருவரும் இரவெல்லாம் சண்டை போடுகிறார்கள்,
பழைய சண்டை, அவன் நினைவில்.
எதற்கென்று ரெஜினா ஓரிடத்திலும் சொல்லவில்லை.
வெறுங்காற்றை இறைக்கும் சத்தம் மட்டும்
தாளெங்கும் கேட்டபடி இருந்தது எனக்கு.

ஏழாவதில்தான் தகராறு.
வரியே இல்லை. வலப்பக்கம் சாய்வெழுத்தில்
"— வீட்டு உரிமையாளர், மாடிப்படிச் சுவர்"
என்று ஆள் மட்டும்.
விடுபட்டதோ என்று போன் போட்டேன்.
பின்னால் காசிமேட்டு ஏலச் சத்தம்.
"சுண்ணாம்பு அடிச்சிட்டாங்கக்கா" என்றாள்.
"அப்ப அப்படித்தானே போடணும்?"

அந்த அத்தியாயத்தில்தான் வசுமதி திரும்பி வருகிறாள்.
யாரும் எதுவும் கேட்பதில்லை.

பதினாறு பக்கத்தை வேறெங்காவது தேடுகிறேன் என்றேன்.
குலசேகரனின் பதிப்புரை மட்டும் ஏழு பக்கம்.
அதைச் சொல்லவில்லை.

ராத்திரி, ஷேர் ஆட்டோவில், முழங்கால் இடிக்க,
முன்னால் போன 29சி-யின் முதுகைப்
பெரம்பூர் வரை படித்துக்கொண்டே வந்தேன்.

காலையில் முதல் வேலையாக
அச்சுக் கோப்பவனுக்கு ஓரத்தில் எழுதினேன்:
தம்பி, வரிக்கும் அத்தியாயத்துக்கும் நடுவில்
போதிய இடைவெளி விடவும்.