இரண்டேகால் சென்டிமீட்டர்

அடுக்களை வாசற்படியை
அஜினாவின் ஸ்கேலால் மூன்று முறை அளந்தேன்.
முதல் முறை இரண்டு.
பூஜ்யத்துக்கு முன்னால் நுனியில்
கொஞ்சம் வெறும் பிளாஸ்டிக் இருக்கிறதென்று
ஒன்பது வயசுக்காரிதான் காட்டித் தந்தாள்.
அதையும் சேர்த்தால் இரண்டேகால்.

தோஹாவிலிருந்து பெல்லார்மின்
இரவுதோறும் லிங்க் அனுப்புகிறான்.
"இது கொள்ளாம். உறிஞ்சுக சக்தி எட்டாயிரம்."
எட்டாயிரம் என்ன என்று கேட்டேன்.
"எட்டாயிரம்தான்."

பிறகு ஒரு நாள்
"இதுல கேமரா உண்டு ஷைலட்.
நான் இங்கயிருந்தே வீடு முழுக்க ஓட்டிப் பாப்பேன்.
நீ எந்த ரூமுல இருந்தாலும் தேடி வரும்."
ஆசையாகத்தான் சொன்னான்.
ஐந்து வருஷமாக அவனுக்கு வீடென்பது
என் முகத்துக்குப் பின்னால் தெரிகிற
ஒன்றரை அடிச் சுவர்.
பல்லி வந்தால் அதையும் விசாரிப்பான்.

மணவாளக்குறிச்சி மண் கறுப்பு.
பறக்காது. கனத்து உட்கார்ந்திருக்கும்,
வாடகை கொடுத்துக் குடியிருப்பதுபோல்.
காந்தத்தைக் காட்டினால் அதற்கு மீசை முளைக்கும்.
வாரியலால் தள்ளினால் மரியாதையாக வாசல்வரை போய்
அடுத்த ஆளின் காலில் திரும்பி வரும்.

சனிக்கிழமை நாகர்கோவில் கடையில்
டெமோ காட்ட அவல் தூவினான் பையன்.
மூன்று மெஷினும் தின்றன.
அவலை யார்தான் தின்னமாட்டார்கள்.

கோயில் திருவிழா நோட்டீஸில் மடித்து
வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.
பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கை மண்ணை
அவர்களுடைய வெள்ளை டைல்ஸில் கொட்டினேன்.
"மேடம்" என்றான்.
அப்புறம் "எக்கா" என்றான்.
கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார்.

விலை குறைந்தது
சுவருக்குச் சுவர் முட்டி
மண்ணைக் கடை முழுக்கப் பங்கு வைத்துவிட்டு
மூலையில் நின்று பீப் என்றது.

கேமரா வைத்தது மண்ணருகே வந்தது.
நின்றது.
என் காலருகே வந்தது.
பையன் போனை நீட்டினான்:
"பாருங்க எக்கா, நீங்கதான்."
திரையில் இரண்டு பாதம்,
ஒரு பெருவிரலில் பாதி உரிந்த நகப்பூச்சு.
செருப்புக்குள் விரலை மடக்கிக்கொண்டேன்.
திரையிலும் மடங்கியது.

மூன்றாவதற்குக் கண் கிடையாது.
தலையில் ஒரு மூடி, அதற்குள் லேசர் சுற்றுகிறது.
சுவர் எவ்வளவு தூரம்
கட்டில் கால் எவ்வளவு தூரம்
அவ்வளவுதான் அதன் அறிவு.
சங்கத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு
மத்தியானம் மூன்று மணிக்கு
பாய்கூட விரிக்காமல் தரையில் மல்லாந்து கிடக்கிற பொம்பளை
அதற்கு ஒரு மேடு.
ஏன் என்று கேட்காமல் சுற்றிக்கொண்டு போகும்.

மண்ணைத் தின்கிற சத்தம்
அரிசியில் கல் கடிபட்டதுபோல் இருந்தது.
தின்றது.

"படி ஏறுமா தம்பி?"
"ரெண்டு சென்டிமீட்டர் வரை ஏறும் எக்கா."
ஸ்கேல் நுனியின் வெறும் பிளாஸ்டிக்கை நினைத்தேன்.
"இதையே பில் போடு."
பாதி அவன் அனுப்பியது,
பாதி நான் பிடித்த சீட்டு.

ராத்திரி கேட்டான். "கேமரா இல்லியா?"
"நம்ம மண்ணு அதுக்கு ஒத்துவரல்ல."
பொய் என்றும் சொல்ல முடியாது.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஏசியின் இரைச்சல் மட்டும்.
"செரி. அது வரைஞ்ச மேப்பையாவது அனுப்பு."

அனுப்பினேன்.
சாம்பல் நிறத்தில் ஹால், இரண்டு அறை,
அஜினாவின் சைக்கிள் நின்ற இடத்தில் ஒரு ஓட்டை.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பான்.

"அடுக்களை எங்க?"

பாலை இறக்கி வைத்தேன்.
வெறுங்காலடியில் மண் நறநறத்தது.
"இங்கதான் இருக்கு" என்றேன்,
"இங்க நின்னுதான் பேசியேன்."